எலி மருந்து தின்ன நாய் ரெண்டு நாளைக்கு ஏன் நல்லாவே இருக்கு?

"தோட்டத்துல எலித் தொல்லை தாங்காம மருந்து வச்சோம், நேத்து சாயங்காலம் நாய் அதுல ஒரு கட்டியைக் கடிச்சுத் தின்னுடுச்சு, ஆனா இன்னைக்கு நல்லா ஓடுது, விளையாடுது, தட்டை நக்கிக் காலி பண்ணுது, அப்போ பயப்பட வேண்டியதில்லதானே?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தாங்க. முதல்ல பதிலைச் சொல்லிடறேன். பயப்படணும். இதைப் படிச்சு முடிக்கக்கூட வேணாம், இப்பவே கால்நடை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, மருந்து வந்த பாக்கெட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க, அதுல எழுதியிருக்கிற மருந்துப் பேர்தான் டாக்டருக்கு முதல்ல வேணும்.

ஏன் இவ்ளோ அவசரம்னா, பெரும்பாலும் வைக்கிற எலி மருந்து ரத்தத்தை உறையவிடாம பண்ற வகை, "நல்லாத்தானே இருக்கு"ங்கிறது இந்த விஷத்துல எந்த ஆறுதலும் தராத ஒரு அறிகுறி. இதோட வேலையே ரெண்டு மூணு நாளைக்கு ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கிறதுதான். எலி புதுசா எதைப் பார்த்தாலும் சந்தேகப்படும், கொஞ்சூண்டு கடிச்சுப் பார்க்கும், அன்னைக்கே வயிறு சரியில்லைன்னா அந்த ருசியை அதுக்கப்புறம் கிட்டவே சேர்க்காது. எலியால வாந்தி எடுக்க முடியாதுங்கிறதால அதுக்கு இந்த எச்சரிக்கை ரொம்ப முக்கியம். அதனால சட்டுன்னு கொல்ற விஷத்தைவிட, தின்னதுக்கும் சாகறதுக்கும் நடுவுல நாலஞ்சு நாள் இடைவெளி விடற விஷம்தான் எலிகிட்ட நல்லா எடுபடும், ஏன்னா எலியால அந்த ரெண்டையும் முடிச்சுப்போட முடியாது. நாய் வளர்க்கிற நம்மளாலயும் முடியறதில்ல, பிரச்சினையே அங்கதான் ஆரம்பிக்குது.

சரி, அந்த நாலு நாள் உடம்புக்குள்ள என்ன நடக்குது? எனக்கு இந்தக் கட்டுரையை எழுதணும்னு தோணினதே இந்த இடத்துக்காகத்தான்.

ரத்தம் எப்படி உறையுதுன்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம், பிளேட்லெட் வந்து ஓட்டையை அடைக்கும், ஃபைப்ரின் வலை பின்னும், அவ்ளோதான். அந்த வலை பின்றதுக்கு முன்னாடி ஒண்ணை ஒண்ணு எழுப்பிவிடற புரதங்களோட வரிசை ஒண்ணு இருக்கு, அதுல 2, 7, 9, 10ன்னு நம்பர் போட்ட நாலு புரதம் நமக்கு வேணும். நாலும் கல்லீரல்லதான் தயாராகுது. தயாரானதும் அப்படியே ரத்தத்துக்குள்ள போயிடாது, கல்லீரல் செல் அதுமேல கடைசியா ஒரு வேலை பண்ணுது. புரதத்தோட ஒரு முனையில வரிசையா இருக்கிற குளுட்டாமிக் அமிலம் ஒவ்வொண்ணுமேலயும் ஒரு கார்பன் டை ஆக்சைடை எடுத்து ஒட்டுது. 2ஆம் நம்பர் புரதத்துல, அதாவது புரோத்ராம்பின்ல, இந்த மாதிரி 10 இடம். ஒட்டின உடனே ஒரு நெகட்டிவ் சார்ஜ் இருந்த இடத்துல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு வந்துடுது, அந்த ரெண்டுக்கும் நடுவுல கால்சியம் அயனி ஜம்முன்னு வந்து உட்கார்ந்துக்குது, கால்சியம் உட்கார்ந்ததும் புரதத்தோட அந்த முனை மடிஞ்சு, அடிபட்ட இடத்துல இருக்கிற பிளேட்லெட்டோட மேல்பரப்பைப் பிடிச்சுக்கிற வடிவத்துக்கு வந்துடுது. காயம் இருக்கிற இடத்துல மட்டும் ரத்தம் உறையறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்தச் சின்ன மாற்றம் நடக்குதுன்னே 1974லதான் கண்டுபிடிச்சாங்க.

அந்த கார்பன் டை ஆக்சைடை ஒட்டற வேலைக்குத்தான் வைட்டமின் கே வேணும். ஒவ்வொரு தடவை ஒட்டும்போதும் ஒரு வைட்டமின் கே மூலக்கூறு ஆக்சிஜனை ஏத்துக்கிட்டு உபயோகமில்லாத வடிவத்துக்குப் போயிடும். உடம்புல வைட்டமின் கே கையிருப்பு ரொம்பக் கம்மி, அதனால ஒரே பாத்திரத்தைக் கழுவிக் கழுவித் திரும்பவும் அடுப்புல ஏத்தற மாதிரி, பழசாப்போன வைட்டமின் கேயைத் திரும்ப நல்ல வடிவத்துக்குக் கொண்டுவர்றதுக்குன்னே ஒரு என்சைம் இருக்கு, விகேஓஆர்னு பேர். வார்ஃபரின், ப்ரோமடியோலோன், ப்ரோடிஃபாகம்னு பாக்கெட்டுல நீங்க பார்க்கிற மருந்துங்க எல்லாமே இந்த ஒரு என்சைம்மேல போய் உட்கார்ந்துக்கும், வேற ஒண்ணும் பண்றதில்ல. ரத்தத்தைத் தொடறதில்ல, கல்லீரல் செல்லைக் கொல்றதில்ல, கழுவற கையை மட்டும் கட்டிப்போடுது.

இப்போ அந்த ரெண்டு நாள் புதிர் தானா அவிழும் பாருங்க. விஷம் வேலையை ஆரம்பிச்சதும் நிக்கிறது புது புரதங்களோட தயாரிப்புதான், ஏற்கெனவே ரத்தத்துல சுத்திட்டிருக்கிற பழைய புரதங்கள் அப்படியே வேலை செஞ்சுட்டுதான் இருக்கும். நாய்ல 7ஆம் நம்பர் புரதம் பாதியாகக் குறைய சுமார் 6 மணி நேரம் ஆகும், 2ஆம் நம்பருக்கு சுமார் 41 மணி நேரம். அதனால முதல் நாள் எல்லாமே நார்மல், ஒண்ணரை ரெண்டு நாள்ல ரத்தப் பரிசோதனையில உறையற நேரம் நீண்டிருக்கிறது தெரியும், மூணுல இருந்து அஞ்சாவது நாளுக்குள்ள கையிருப்பு தீர்ந்துபோய் எங்கேயோ ஒரு சின்னக் குழாய்ல கசிவு ஆரம்பிக்கும், அடைக்க ஆள் இருக்காது. அந்த ரத்தம் வெளியவே வரணும்னு அவசியமில்ல, பல சமயம் நெஞ்சுக்குள்ள, வயித்துக்குள்ள, மூட்டுக்குள்ளதான் கசியும், வெளிய பார்க்கிறப்போ மூச்சு வாங்கறது, இருமறது, நொண்டறது, சோர்ந்து படுத்துக்கிறதுன்னுதான் தெரியும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்க, ரோஸ் கலர் போய் வெளுத்திருந்தா, விரலால அழுத்தி எடுத்ததும் ரெண்டு செகண்டுக்குள்ள கலர் திரும்பலைன்னா, ஒரு நிமிஷம்கூட வீணாக்கக்கூடாது.

இதெல்லாம் எப்படித் தெரியவந்துச்சுங்கிறதும் முக்கியம். 1920கள்ல வட அமெரிக்காவுல மாடுங்க சின்னக் காயத்துக்கெல்லாம் ரத்தம் நிக்காம செத்துட்டிருந்துச்சு, காரணம் ஸ்வீட் குளோவர்ங்கிற தீவனம் பூஞ்சை பிடிச்சுக் கெட்டுப்போனது. 1933ல ஒரு விவசாயி பனிப்புயல்ல செத்த கிடாரியையும், உறையாத ரத்தம் நிறைஞ்ச ஒரு பால் கேனையும் வண்டியில போட்டுக்கிட்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல கார்ல் பால் லிங்க்கோட ஆய்வகத்துக்கு வந்து நின்னார். அந்த ரத்தத்துல ஆரம்பிச்ச தேடல்தான் 1948ல வார்ஃபரின்கிற எலி மருந்தாச்சு, 1954ல மனுஷங்களுக்கு ரத்தக்கட்டி வராம தடுக்கிற மாத்திரையாவும் அனுமதி கிடைச்சுது. அதே காலத்துல கோபன்ஹேகன்ல ஹென்ரிக் டாம், கோழிக்குஞ்சால கொலஸ்ட்ராலைத் தானே தயாரிக்க முடியுமான்னு பார்க்கக் கொழுப்பில்லாத தீவனம் போட்டார், குஞ்சுங்களுக்கு ரத்தம் கசிஞ்சுது, அந்தக் கசிவைப் பின்தொடர்ந்து போய் வைட்டமின் கேயைப் பிடிச்சார், 1943க்கான நோபல் பரிசும் அதுக்காகக் கிடைச்சுது. மாட்டுத் தீவனத்துக்கும் கோழிக் கொழுப்புக்கும் காசு குடுத்தவங்க யாரும் இதய நோய் மாத்திரையை எதிர்பார்த்துக் குடுக்கல. "இதனால என்ன பிரயோஜனம்?"னு முதல் வரியிலயே கேட்டு ஆராய்ச்சிக்குப் பணத்தை மறுக்கிற ஒவ்வொரு குழுவுக்கும் இந்தக் கதை தெரிஞ்சிருக்கணும்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

மாற்று மருந்துக்கு வருவோம். வைட்டமின் கே1. கழுவற கை கட்டியிருக்கு, அதனால புதுப் பாத்திரமா வெளியில இருந்து குடுத்துக்கிட்டே இருக்கணும். ஆனா ஒரு சிக்கல், மாத்திரையில இருக்கிற வடிவத்தையும் கடைசியா ஒரு படி மாத்தினாத்தான் கல்லீரல் அதை உபயோகிக்க முடியும், வழக்கமா அந்தப் படியையும் செய்யறது விகேஓஆர்தான், அப்போ அதைக் கட்டிப்போட்ட பிறகும் மாத்திரை எப்படி வேலை செய்யுது? வேற ஏதோ ஒரு என்சைம் பின்கதவு வழியா செஞ்சுக் குடுக்குதுன்னு ரொம்ப வருஷமாத் தெரியும், அது எதுன்னு 2022லதான் தெரிஞ்சுது, எஃப்எஸ்பி1ங்கிற என்சைம், அதுவும் செல்கள் ஒரு குறிப்பிட்ட விதமா சாகறதைப் பத்தி ஆராய்ஞ்சுட்டிருந்தவங்க கண்ணுல பட்டது. பல பத்தாண்டுகளா உயிரைக் காப்பாத்திட்டிருந்த மருந்தோட ரகசியம் நேத்துதான் திறந்த மாதிரி இருக்கு, இதை நினைச்சா எனக்கு இன்னும் சிலிர்ப்பா இருக்கு.

ப்ரோடிஃபாகம் மாதிரி புதுத் தலைமுறை மருந்துங்க கல்லீரல்ல மாசக்கணக்குல தங்கும், அதனால கே1 மாத்திரையை வழக்கமா நாலு வாரமாவது குடுக்கச் சொல்வாங்க, நிறுத்தினதுக்கு 48ல இருந்து 72 மணி நேரம் கழிச்சு ரத்தம் உறையற நேரத்தைத் திரும்பப் பார்ப்பாங்க. நாய் தெளிஞ்சுடுச்சுன்னு பாதியில நிறுத்திடாதீங்க. கொஞ்சம் கொழுப்புள்ள சாப்பாட்டோட குடுத்தா மாத்திரை நல்லா உறிஞ்சும். கே3ன்னு ஒண்ணு இருக்கு, அது இதுக்கு உதவாது. கீரையில வைட்டமின் கே இருக்கேன்னு அரைச்சுக் குடுத்தாலும் அளவு எட்டவே எட்டாது.

பால் குடுத்தா விஷம் முறிஞ்சுடும்ங்கிற நம்பிக்கை மட்டும் எங்க போனாலும் கூடவே வருது. முறியாது. உப்புத்தண்ணியைக் கரைச்சு ஊத்தி வாந்தி எடுக்க வைக்கிறது இன்னும் மோசம், சோடியம் ஏறி அதுவே நாயைக் கொல்லலாம். எலி மருந்து எல்லாமே ஒரே ஜாதியும் இல்ல. ஜிங்க் ஃபாஸ்ஃபைட் வயித்து அமிலத்தோட சேர்ந்து ஃபாஸ்ஃபீன் வாயுவை விடும், மணிக்கணக்குலயே ஆபத்து, சாப்பாடு ஊட்டினா அமிலம் கூடி வாயுவும் கூடும், அந்த வாந்தியில இருந்து வர்ற வாயு மூடின கார்ல உட்கார்ந்திருக்கிற உங்களுக்கும் ஆபத்து, கண்ணாடியை இறக்கி வச்சுட்டு ஓட்டுங்க. ப்ரோமெத்தலின் மூளையை வீங்க வைக்கும், மாற்று மருந்தே கிடையாது. கோலெகால்சிஃபெரால்னு போட்டிருந்தா அது வைட்டமின் டி3யேதான், அளவு மீறினா ரத்தத்துல கால்சியத்தை ஏத்திக் கிட்னியை அழிச்சுடும். கட்டியோட கலரை வச்சு எது எதுன்னு கண்டுபிடிக்க முடியாது, அதனாலதான் பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீங்கன்னு கெஞ்சிக் கேட்கிறேன்.

பூட்டுற மாதிரி பெட்டிக்குள்ள மருந்தை வச்சா போதுமான்னு அடுத்த கேள்வி வரும். நாய் நேரா தின்றதை அது தடுக்கும். ஆனா சாகற அளவு தின்ன பிறகும் எலி நாலு நாள் நடமாடிட்டேதான் இருக்கும், தளர்ந்து மெதுவா போற எலியைத்தான் பூனை சுலபமாப் பிடிக்கும், எலியோட கல்லீரல்ல இருக்கிறது பூனைக்குப் போகும். ஒரு எலியால பெருசா ஆகாம இருக்கலாம், ஆனா அடிக்கடி வேட்டையாடற பூனைக்கும் ஆந்தைக்கும் அது சேர்ந்துக்கிட்டே போகும். செல்லப் பிராணி இருக்கிற தோட்டத்துல விஷமே வேண்டாம்ங்கிறதுதான் என்னோட கருத்து. பூனையை வச்சே எலியை ஒழிச்சுடலாம்னும் நினைக்காதீங்க, நியூயார்க்ல ஒரு குப்பை மறுசுழற்சி மையத்துல 79 நாள் கேமரா வச்சுப் பார்த்த ஆய்வு 2018ல வந்துச்சு, 306 வீடியோவுல பூனைங்க கொன்னது ரெண்டே எலிதான், எலிங்க பூனை இருக்கிறப்போ ஒளிஞ்சுக்கிட்டு இல்லாதப்போ வந்துச்சு.

எலிங்களோட எண்ணிக்கையை முடிவு பண்றது சாப்பாடும் ஒளியற இடமும்தான்னு 1940கள்ல பால்டிமோர்ல எலிகளை ஆராய்ஞ்ச டேவிட் டேவிஸ் தெளிவாக் காட்டினார், கொன்னு குறைச்சா மிச்சம் இருக்கிறது குட்டி போட்டு பழைய கணக்குக்கே வந்துடும், குப்பையையும் பொந்தையும் சரி பண்ணின இடத்துலதான் குறைஞ்சது குறைஞ்சபடி நின்னுச்சு. பெட்டைக்கு சினைக்காலம் மூணு வாரம்தான், ஜெயிக்கவே முடியாத ஓட்டம் அது. அதனால நாய் பூனையோட சாப்பாட்டுக் கிண்ணத்தை ராத்திரி வெளியில விடாதீங்க, தீவன மூட்டையை மூடி போட்ட தகர டின்னுக்கு மாத்துங்க, உதிர்ந்த பழத்தை அன்னன்னைக்கே பொறுக்குங்க, நாய் போன மலத்தையும் உடனே அள்ளிடுங்க, எலி அதையும் தின்னும், இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல. கம்போஸ்ட் தொட்டிக்கு அடியில 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலை போடுங்க. சுவரோரமா அடைஞ்சு கிடக்கிற செடி, விறகுக் குவியல் எல்லாத்தையும் தள்ளி வச்சு அந்த ஓரத்தை வெட்டவெளியா ஆக்குங்க, எலிக்கு மீசை சுவர்ல உரசிக்கிட்டே போற பாதைதான் தைரியம்.

பொந்துல காகிதத்தைக் கசக்கி அடைச்சு வைங்க, மறுநாள் வெளிய தள்ளியிருந்தா உள்ள ஆள் இருக்கு. அதுக்குப் பக்கத்துல சுவரோரமா ஒரு நீளமான மரப்பெட்டி, எலி நுழையற அளவு மட்டும் வாசல், உள்ள பூனை கைவிட்டாலும் எட்டாத ஆழத்துல அடிக்கிற பொறி, பெட்டியை நாய் புரட்டாத மாதிரி தரையோட கட்டிடணும். முதல் சில நாள் பொறியை ஏத்தாம வேர்க்கடலை விழுதை மட்டும் தடவி வைங்க, சந்தேகம் தீர்ந்து தினமும் வந்து நக்க ஆரம்பிச்ச பிறகு ஏத்துங்க. பசைப் பலகை வேண்டவே வேண்டாம், எலிக்கும் கொடுமை, பூனை மாட்டினாலும் கொடுமை. அல்ட்ராசவுண்ட் கருவிக்கும் காசைக் கொட்டாதீங்க, எலி பழகிடும், ஆனா அந்தச் சத்தம் நாய்க்கும் பூனைக்கும்கூடக் கேட்கும். எலியை விரட்டன்னு பாச்சை உருண்டையும் போடாதீங்க, அது நாய் பூனைக்கு விஷம்.

மாட்டின எலியைக் கையுறை போட்டுத்தான் எடுக்கணும், ஏன்னா லெப்டோஸ்பைரா பாக்டீரியா எலியோட கிட்னியில குடியிருந்து மூத்திரத்துல வெளிய வரும், ஈரமான மண்ணுலயும் தேங்கின தண்ணியிலயும் வாரக்கணக்குல உயிரோட இருக்கும், நாய் அந்தத் தண்ணியைக் குடிச்சா கிட்னியும் கல்லீரலும் போகும், நமக்கும் வரும். நாய்க்கு வருஷா வருஷம் போடற ஊசியில லெப்டோ இருக்கான்னு தடுப்பூசி கார்டை எடுத்துப் பாருங்க, இல்லைன்னா அடுத்த தடவை டாக்டர்கிட்ட கேட்டுப் போட்டுடுங்க.