கத்தி கறுத்தால் தேய்க்காதீர்கள்

“ஒப்பினெல் மடக்குக் கத்தி ஒன்று வாங்கினேன். ஆப்பிள் நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்தேன். மறுநாள் அலகில் நீலமும் கறுப்புமாகத் திட்டுகள். புளி போட்டுத் தேய்த்தால் போய்விடுமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

போய்விடும். ஆனால் தேய்க்காதீர்கள். அலகைக் காக்கத் தொடங்கியிருப்பதே அந்தக் கறுப்புதான்.

பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் செய்யத் தொடங்கிய கத்தி இது. பீச் (beech) மரக் கைப்பிடி, 1955 முதல் அலகைப் பூட்டிவைக்கும் சுழல் வளையம், அவ்வளவுதான். எவர்சில்வர் அலகோடும் கிடைக்கிறது. உங்களுடையது கார்பன் எஃகு. எவர்சில்வரில் குரோமியம் நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்கு மேல் இருப்பதால், கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் தானாகவே மூடிக்கொள்கிறது. கார்பன் எஃகுக்கு அந்த வசதி இல்லை. ஈரம் பட்டால் செந்துரு வரும். செந்துரு தான் தின்ற இரும்பைவிடப் பலமடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு, உப்பி, வெடித்து, உதிரும். வெடிப்புகளின் வழியே நீரும் காற்றும் மேலும் உள்ளே இறங்கும்.

கறுப்பு வருவது வேறு வழியில். ஆப்பிளின் புளிப்பு, அலகின் மேற்பரப்பிலிருந்து இரும்பு அணுக்களைக் கொஞ்சம் கரைத்தெடுக்கிறது. அப்போது ஒவ்வோர் அணுவும் இரண்டு எலக்ட்ரான்களை இழந்திருக்கும். காற்றின் ஆக்சிஜன் மூன்றாவதையும் பறிக்கிறது. அங்கே காத்திருக்கின்றன ஆப்பிள் சாற்றின் துவர்ப்புப் பொருள்கள். தேயிலை, கடுக்காய், வாழைக்காய் என நம் நாக்கு எதையெல்லாம் துவர்ப்பு என்கிறதோ, அவற்றில் பெரும்பாலானவற்றில் இந்தக் குடும்பத்து மூலக்கூறுகள் உண்டு. அவற்றின் வளையத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு ஆக்சிஜன்கள் இடுக்கிபோல இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. பிடித்த கணத்தில் எலக்ட்ரான்கள் மூலக்கூறிலிருந்து இரும்புக்குத் தாவ வழி திறக்கிறது. தாவுவதற்கான ஆற்றலைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலிருந்தே எடுத்துக்கொள்வதால் நமக்குக் கருநீலம் தெரிகிறது. இந்தச் சேர்மம் நீரில் எளிதில் கரையாது. பிறந்த இடத்திலேயே படிந்து ஒட்டிக்கொள்கிறது.

கலம்காரிக் கலைஞர்கள் கறுப்பு வரைவதும் இப்படித்தான். இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் பல நாள் ஊறவைப்பார்கள். அந்த மங்கல் நீரைக் கடுக்காயில் தோய்த்த துணியில் தீட்டினால், கோடு கண்ணெதிரே கறுக்கும். வாழைக்காய் நறுக்கும்போது அரிவாள்மணையும் அம்மாவின் விரலும் கறுத்ததற்கும் இதுவே காரணம். ‘இரும்பு தீட்டுப்பட்டுவிட்டது’ என்று அதைச் சாம்பல் போட்டு வெளுக்கவைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். வெளுத்த மணைதான் மறுநாள் செந்துரு ஏறி நின்றது. அருங்காட்சியகங்களில் பழைய இரும்புப் பொருள்களின் மேல் இதே துவர்ப்புக் குடும்பத்து டானிக் அமிலம் பூசிக் காப்பாற்றுகிறார்கள் என்பதையாவது நம் பாடப்புத்தகங்கள் சொல்லலாம்.

திட்டுத்திட்டாக இருப்பது பிடிக்கவில்லையென்றால் அலகு முழுவதையும் கறுக்கவைக்கலாம். சோப்பு போட்டுக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு போக ஸ்பிரிட்டால் துடையுங்கள். கெட்டியான தேயிலை டிகாஷனில் கொஞ்சம் வினிகர் சேர்த்து, அலகை மட்டும் தொங்கவிடுங்கள். மரம் நனையக் கூடாது. பீச் மரம் ஈரத்தில் உப்பி அலகை இறுகக் கவ்விக்கொள்ளும். முதலில் குமிழிகள் முத்துமுத்தாக அலகில் ஒட்டும். சில மணி நேரத்தில் எடுத்தால் கரிபோன்ற ஒரு மெழுக்கு விரலில் வரும். அதைத் துடைத்துவிட்டால் அடியில் நிலைத்த சாம்பல் கறுப்பு. சோடா உப்பு நீரில் அலசி, உலர்த்தி, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகி மடக்கும் மூட்டில் சிக்கும்.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். துரு உள்ளிட்ட உலோக அரிப்பு அங்கே இன்றும் முக்கியமான ஆய்வு. இவ்வளவு நீண்ட கடற்கரையும் அதில் இத்தனை பாலங்களும் இருக்கும் நாட்டில், இந்தத் துறைக்கு அரசு இன்னும் தாராளமாக நிதி தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒன்றை மறக்காதீர்கள். கறுப்பு துருவை மெதுவாக்கும், அடியோடு தடுக்காது. சாணைக்கல்லில் தீட்டும் ஒவ்வொரு முறையும் கத்தியின் வாய் மட்டும் வெள்ளி நூல்போலப் பளிச்சென்று தெரியும். அந்த நூலிழையில் கறுப்பு இல்லை. எலுமிச்சை நறுக்கியதும் முதலில் துடைக்க வேண்டியது அதைத்தான்.