அரிசி ஆலைப் புகை, டிப்பர் தூசி: சட்டம் எதைப் பிடிக்கும், எதை விடும்?

வன்னியில் காற்று கெடுகிறது என்று முறைப்பாடு கொண்டுபோகிற ஆட்களுக்கு அநேகமாகக் கிடைக்கும் பதில் இரண்டுதான். ஒன்று, "அளவுக்குள்தான் இருக்கு." மற்றது, "அதுக்கெல்லாம் சட்டம் இல்லை." இரண்டில் எதைச் சொன்னாலும் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். எந்த அளவு, யாருக்கான அளவு, யார் எப்போது அளந்தது என்று திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேட்பதற்கு முன் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இலங்கையில் இதற்கு அடிப்படை 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம். ஒரு வாயுவோ தூசியோ நெஞ்சுக்குக் கேடு என்று டொக்டர்மார் எல்லோரும் ஒத்துக்கொண்டாலும், அதனால் மட்டும் அது "கட்டுப்படுத்தப்பட்ட மாசு" ஆகிவிடாது. அதற்கு ஓர் எல்லையை எழுதி வர்த்தமானியில் போட்டிருக்க வேண்டும், அந்த எல்லை யாரைக் கட்டுப்படுத்தும் என்றும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் பலபேர் கவனிப்பதில்லை, முறைப்பாடுகள் அந்தரத்தில் நிற்பதும் பெரும்பாலும் இங்கேதான்.

வெளிக்காற்றுக்கான எல்லைகள் 1994இல் வந்தன, 2008 ஓகஸ்டில் திருத்தப்பட்டன. இப்போது பட்டியலில் இருப்பவை ஆறு: பி.எம் 10, பி.எம் 2.5 என்ற இரண்டு அளவுத் துகள்கள், நைதரசன் டைஒக்சைட், சல்பர் டைஒக்சைட், ஓசோன், காபன் மொனொக்சைட். மூச்சோடு நுரையீரலின் அடிவரை போகிற பி.எம் 2.5 துகளுக்கு 24 மணிநேரச் சராசரி ஒரு கனமீற்றருக்கு 50 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி 25. டிப்பரும் கிரவல் வீதியும் கிளப்புகிற கொஞ்சம் பெரிய தூசியும் அடங்குகிற பி.எம் 10க்கு 100, 50. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பி.எம் 2.5க்குச் சொன்ன அளவு நாளுக்கு 15, ஆண்டுக்கு 5 மட்டும்தான். ஆக "அளவுக்குள் இருக்கு" என்பது "சுகத்துக்குக் கேடில்லை" என்பதற்குச் சமம் இல்லை. சின்னப் பிள்ளைகளும் இழுப்பு உள்ளவர்களும் இருக்கிற வீட்டுக்காரர் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

இந்த எல்லை ஊர்க் காற்றுக்கு உரியது, ஓர் ஆலைக்கு உரியது அல்ல. 2022 டிசம்பரில் வவுனியாவும் யாழ்ப்பாணமும் புகைமூட்டத்தில் கிடந்ததும், 9ஆம் திகதி பள்ளிக்கூடங்களை மூடியதும் ஞாபகம் இருக்கும். மாண்டஸ் புயலை ஒட்டிய காற்று இந்தியப் பக்கத்து அழுக்கை இங்கே தள்ளிக்கொண்டு வந்தது. எல்லை மீறியது உண்மை, மாசும் பட்டியலில் உள்ளதுதான், ஆனால் இதற்குப் பொறுப்பு என்று பிடித்து வழக்குப் போட இங்கே ஓர் ஆலையோ ஆளோ இல்லை.

ஓர் ஆலையைப் பிடிக்க வேண்டுமென்றால் வேறு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, புகைபோக்கியால் வெளிவருவதற்கான எல்லைகள். கொதிகலன், அனல்மின் நிலையம் போன்ற ஓரிடத்தில் நிற்கிற மூலங்களுக்கு 2019 ஜூனில் தனி ஒழுங்குவிதிகள் வந்தன. மற்றது சுற்றாடல் பாதுகாப்பு உரிமம், எல்லோரும் ஈ.பி.எல் என்று சொல்வது. எந்தெந்தத் தொழிலுக்கு இது கட்டாயம் என்று வர்த்தமானியில் பட்டியல் உண்டு. பெரியவற்றுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபை கொடுக்கும், சிறியவற்றுக்கு உங்கள் பிரதேச சபையே கொடுக்கும். உரிமத்தோடு நிபந்தனைகள் வரும். ஒரு கல் உடைக்கிற இடமென்றால் தண்ணீர் தெளிக்க வேண்டும், இன்ன நேரத்துக்குத்தான் வேலை செய்யலாம் என்பது மாதிரி. மீறினால் உரிமத்தை இடைநிறுத்தவும் இரத்துச் செய்யவும் சட்டத்தில் இடமிருக்கிறது. என்னைக் கேட்டால், தூசியை மைக்ரோகிராமில் நிரூபிக்க அலைவதைவிட "தண்ணீர் தெளிக்கவில்லை" என்று திகதி, நேரம் போட்டு எழுதிக் கொடுப்பது பத்து மடங்கு பலம். போனில் காட்டும் காற்றுத்தர எண்ணை மட்டும் நம்பிப் போகவும் வேண்டாம், ஏனென்றால் எந்த முறையில் அளக்க வேண்டும் என்பதும் ஒழுங்குவிதியிலேயே இருக்கிறது.

அளக்கிறார்கள் என்றால் கட்டுப்படுத்துகிறார்கள் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் இதே கேள்வி பெரிய சண்டையாகவே நடந்தது. காபனீரொக்சைட்டு போன்ற, பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களும் அங்குள்ள தூய காற்றுச் சட்டத்தின்படி "காற்று மாசு"தான் என்று 2007இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மின் நிலையங்களோ ஏற்கெனவே காபனீரொக்சைட்டை அளந்து அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தன. அப்படியானால் அது கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மாசுதானே என்று சுற்றாடல் அமைப்புகள் வாதிட்டன. இல்லை, வெளியேற்றத்தை உண்மையில் கட்டுப்படுத்தும் விதி ஒன்று இருந்தால்தான் அப்படிக் கொள்ளலாம் என்பது அங்குள்ள சுற்றாடல் முகவரகத்தின் 2008 விளக்கம். பிறகு வாகனங்கள் விடும் இந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் விதி நடைமுறைக்கு வந்த 2011 ஜனவரியில்தான் அந்த நிலை மாறியது.

சரி, பட்டியலில் இல்லாத மணம், பக்கத்துக் காணியில் குப்பை எரிக்கிற புகை, உரிமம் தேவைப்படாத சின்னத் தொழில், இவற்றுக்கு என்ன வழி? குப்பையையும் பிளாஸ்டிக்கையும் திறந்த வெளியில் எரிப்பது 2017 செப்டெம்பரிலிருந்து தடை. மற்றவற்றுக்கு 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவு இருக்கிறது. பொதுத் தொல்லை என்று நீதவானுக்குத் தெரிந்தால் அதை நீக்கும்படி கட்டளையிடலாம். இதற்கு மைக்ரோகிராம் கணக்குத் தேவையில்லை, அயலுக்குப் பொதுவான தொல்லை என்று காட்ட வேண்டும். அதனால் தனி ஆளாகப் போகாமல் நாலு வீடு சேர்ந்து போங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் பொலிஸிலும் முறைப்பாட்டைப் பதிந்து வைத்தால் பிறகு உதவும்.

எல்லாவற்றுக்கும் முதலில் செய்ய வேண்டியது தகவல் கேட்பது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பிரதேச சபைக்கோ அதிகாரசபைக்கோ ஒரு கடிதம் எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. மூன்று விஷயம் கேளுங்கள்: இந்த இடத்துக்கு உரிமம் இருக்கிறதா, அது எப்போது முடிகிறது, நிபந்தனைகளின் பிரதியும் கடைசியாக அளந்த அறிக்கையும் தர முடியுமா. தருவதா இல்லையா என்று 14 வேலைநாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே நிறுவனத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கடிதத்தின் ஒரு பிரதியில் கையொப்பமும் திகதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நாட்களை எண்ண அதுதான் ஆதாரம்.