பிந்தி விழும் சுரங்கள்: ஜாஸ் நம்மை ஏன் அசையவைக்கிறது?

1924-ஆம் ஆண்டு டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் சிகாகோவிலிருந்து நியூயார்க் வந்து ஃப்ளெட்சர் ஹெண்டர்சனின் இசைக்குழுவில் சேர்ந்தார். அந்தக் குழு அப்போது செய்த பதிவுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. மற்றவர்கள் தாளம் தவறாமல், கொஞ்சம் விறைப்பாக வாசித்துக்கொண்டு போவார்கள். ஆம்ஸ்ட்ராங் தனியாக ஊதும் இடம் வந்ததும் பாட்டுக்கு உயிர் வந்துவிடும். வேகம் கூடவில்லை, தாளமும் மாறவில்லை. ஆனால் கேட்கிறவரின் கால் தானாகத் தட்ட ஆரம்பிக்கிறது.

இந்தக் குணத்துக்கு ஜாஸ் கலைஞர்கள் வைத்த பெயர் ஸ்விங். அது என்ன என்று கேட்டால், உணரத்தான் முடியும், விளக்க முடியாது என்றே பல தலைமுறைக் கலைஞர்கள் சொல்லிவந்தார்கள். கடந்த இருபது ஆண்டுகளில் அதை அளக்கும் வழி கிடைத்திருக்கிறது. அளந்து பார்த்ததில் தெரியவந்ததை அறிந்தபிறகு எனக்கு ஜாஸ் மேல் இருந்த வியப்பு இன்னும் கூடியிருக்கிறது.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த பகுதி. ஜாஸ் டிரம்மர் வலது கையால் ரைடு சிம்பல் என்ற பெரிய உலோக வட்டைத் தட்டிக்கொண்டே இருப்பார். 1940-களின் தொடக்கத்தில் டிரம்மர் கென்னி கிளார்க் தாளத்தைக் காலால் மிதிக்கும் பெரிய டிரம்மிலிருந்து இந்தச் சிம்பலுக்கு மாற்றினார். அதிலிருந்து அதுவே ஜாஸின் மூச்சு. அதில் ஒன்றுவிட்டு ஒரு தட்டு, அதாவது தாளத்தின் ஒரு எண்ணிக்கை, இரண்டாகப் பிரியும். தட்டோடு விழும் முதல் சுரம் நீளம். அடுத்த தட்டுக்குச் சற்று முன்னால் வரும் இடைச் சுரம் குட்டை. 'தகிட' என்று சொல்லிப் பாருங்கள்: மூன்றில் இரண்டு பங்கு நேரம் முதல் சுரத்துக்கு, ஒரு பங்கு இடைச் சுரத்துக்கு. இரண்டுக்கு ஒன்று என்கிற இந்தக் கணக்கைத்தான் பாடப்புத்தகங்கள் சொல்லித் தருகின்றன.

கணினியில் இந்தக் கணக்கைக் கொடுத்து வாசிக்கவிட்டால் என்ன ஆகும்? நொண்டியடிக்கும் இயந்திரம்போல ஒலிக்கும். கணக்கு சரிதான், ஸ்விங் மட்டும் இல்லை.

ஸ்வீடனைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ஃப்ரைபெர்கும் ஆண்ட்ரியாஸ் சுன்ட்ஸ்ட்ரோமும் புகழ்பெற்ற டிரம்மர்களின் பதிவுகளை எடுத்து, சிம்பல் ஒலிகளுக்கு இடையே உள்ள நேரத்தை அளந்து 2002-இல் வெளியிட்டார்கள். அந்த விகிதம் நிலையாக இல்லை. மெதுவான பாட்டில் மூன்றரைக்கு ஒன்று வரை போகிறது. அதிவேகப் பாட்டில் ஒன்றுக்கு ஒன்று, அதாவது இரண்டு சுரமும் சம நீளம். வேகம் கூடக்கூட விகிதம் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் நடுத்தர வேகத்திலிருந்து மேலே ஒன்று மட்டும் ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது: குட்டைச் சுரத்தின் நீளம். அது சுமார் 100 மில்லி விநாடி.

கணக்குப் போட்டால் அழகு புரியும். நிமிடத்துக்கு 150 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 400 மில்லி விநாடி. குட்டைக்கு 100 போனால் நீளத்துக்கு 300. விகிதம் மூன்றுக்கு ஒன்று. 200 தட்டு என்றால் மொத்தம் 300, விகிதம் இரண்டுக்கு ஒன்று. வேகம் 300 தட்டைத் தொட்டால் மொத்தமே 200தான். சரிபாதியாகப் பிரிகிறது. புத்தகத்தில் இருக்கும் இரண்டுக்கு ஒன்று என்பது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டுமே உண்மை! ஒரு சுரம் 100 மில்லி விநாடிக்கும் கீழே போனால் அதைத் தாளத்தின் தனி அங்கமாகப் பிடிக்கக் காது திணறுகிறது; டிரம்மரின் கை அந்த எல்லையை அறிந்து வாசிக்கிறது என்பது இதற்கான ஒரு விளக்கம்.

அப்படியானால் வேகத்துக்கு ஏற்ற விகிதத்தைக் கணினிக்குக் கொடுத்தால் போதுமா? போதாது. ஸ்விங் ஒரு வாத்தியத்துக்குள் மட்டும் இல்லை, வாத்தியங்களுக்கு நடுவிலும் இருக்கிறது. 1987-இல் இசை ஆய்வாளர் சார்லஸ் கீல் இப்படி ஒரு கருத்தை முன்வைத்தார்: சேர்ந்து வாசிக்கிறவர்கள் ஒருவரோடொருவர் துல்லியமாகப் பொருந்தாமல் இருப்பதில்தான் அந்த இசையின் ஈர்ப்பு இருக்கிறது. பல ஆண்டுகள் சூடான விவாதம் நடந்தது. ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்து இயற்பியலாளர் தியோ கெய்சலின் குழு இதைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டது. 2019-இல் வெளியான முதல் சோதனையில், வாசிப்பில் இருந்த நுண்ணிய நேரப் பிசிறுகளை ஒரு வடிவத்தில் முழுக்க நீக்கினார்கள், இன்னொன்றில் பெரிதாக்கினார்கள். பிறகு இசைக் கலைஞர்களிடம் மதிப்பிடச் சொன்னார்கள். பிசிறுகளை நீக்கியதால் ஸ்விங் கெட்டுவிடவில்லை. கீல் சொன்னது தவறு என்றே தோன்றியது.

ஆனால் அவர்கள் அதோடு விடவில்லை. எல்லாப் பிசிறும் ஒன்றல்ல. தற்செயலாக வரும் பிசிறு வேறு, ஒழுங்கோடு திரும்பத் திரும்ப வரும் விலகல் வேறு. 2022-இல் அவர்கள் ஒரே ஒரு விலகலைச் சோதித்தார்கள். தனி வாசிப்பவரின் சுரங்களில், தட்டோடு விழவேண்டியவற்றை மட்டும் 30 மில்லி விநாடி பிந்தவைத்தார்கள். இடைச் சுரங்களைத் தொடவில்லை. அவை டிரம்மரோடு சேர்ந்தே விழுந்தன. இந்த வடிவத்தைத் தேர்ந்த ஜாஸ் கலைஞர்கள் அதிக ஸ்விங் உள்ளது என்று சொல்லும் வாய்ப்பு 7 மடங்குக்கும் மேல் கூடியது. அப்புறம் 450-க்கும் மேற்பட்ட ஜாஸ் தனி வாசிப்புகளின் தரவை எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான கலைஞர்கள் அதையேதான் செய்திருந்தார்கள்.

30 மில்லி விநாடியில் ஒலி சுமார் பத்து மீட்டர் தூரம்தான் போகும். அவ்வளவு சிறிய இடைவெளி. தேர்ந்த கலைஞர்களாலேயே ஏதோ வித்தியாசம் இருக்கிறது என்று மட்டும்தான் உணர முடிந்தது, அது எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. வாழ்நாள் முழுக்க அதை வாசிக்கிறவர்களுக்கே இந்த நிலை என்றால், விளக்க முடியாது என்று பழைய கலைஞர்கள் சொன்னதில் ஆச்சரியம் இல்லை.

சோதனையின் நுட்பம் இடைச் சுரத்தில் இருக்கிறது. எல்லாச் சுரமும் பிந்தினால் அது வெறும் இழுவை. ஜாஸ் கலைஞர் தட்டில் பின்தங்கி, இடைச் சுரத்தில் வந்து சேர்ந்துகொள்கிறார். மேலே பார்த்த 150 தட்டு வேகத்தில் டிரம்மர் 300-க்கு 100 என்று தட்டினால், சாக்ஸஃபோன்காரர் 30 பிந்தித் தொடங்குவதால் அவருக்கு 270-க்கு 130. ஒரே மேடையில், ஒரே தட்டுக்குள், இருவரும் இரண்டு விகிதத்தில் வாசிக்கிறார்கள், ஒவ்வொரு இடைச் சுரத்திலும் சந்திக்கிறார்கள். விலகுவதும் சேர்வதும் பாட்டு முழுக்க நடக்கிறது.

இது உடம்பை ஏன் அசைக்கிறது? தாளத்தைக் கேட்கும்போது, நாம் ஆடாமல் உட்கார்ந்திருந்தாலும் மூளையின் அசைவுக்கான பகுதிகள் வேலை செய்வதை மூளைப் படங்களில் பார்த்திருக்கிறார்கள். அடுத்த தட்டு எப்போது என்று மூளை முன்கூட்டியே கணித்துக் காத்திருக்கிறது. கணிப்பு அப்படியே பலித்துக்கொண்டிருந்தால் சலிப்பு, பலிக்கவே இல்லையென்றால் குழப்பம். நடுவில்தான் இன்பம். டிரம் தாளங்களைக் கேட்கவைத்து மரியா விடெக்கும் குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்விலும், தாள மீறல் நடுத்தர அளவில் இருந்தபோதே ஆடத் தோன்றியதாகக் கேட்டவர்கள் சொன்னார்கள்.

இந்த இடத்தில் விஜய் ஐயரைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு 1971-இல் பிறந்தவர், இன்றைய ஜாஸ் பியானோவின் பெரும் கலைஞர்களில் ஒருவர். கணிதமும் இயற்பியலும் படித்த அவர், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1998-இல் முடித்த முனைவர் ஆய்வில் இந்த மில்லி விநாடிகளைத்தான் எடுத்துக்கொண்டார். ஆப்பிரிக்க அமெரிக்க இசையில் இரண்டாவது, நான்காவது தட்டுகளில் விழும் அடி ஒரு மயிரிழை பிந்துவதைக் கவனித்து, அது காலால் மிதித்துக் கையால் தட்டும் உடம்பின் பழக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்றார். தாளத்தை உடம்பு யோசிக்கிறது என்ற அவருடைய பார்வை எனக்கு மிகவும் பிடித்தமானது.

புதிதாக ஒரு மெட்டை அந்தக் கணத்தில் கற்பனை செய்துகொண்டே 30 மில்லி விநாடியையும் ஒருவர் எப்படிக் காப்பாற்றுகிறார்? சார்லஸ் லிம், ஆலன் பிரவுன் இருவரும் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்துச் சிறிய விசைப்பலகையில் வாசிக்கவைத்தார்கள். 2008-இல் வந்த முடிவின்படி, மனோதர்மமாக வாசிக்கும்போது தன்னைத் தானே கண்காணிக்கும் முன்மூளையின் பக்கவாட்டுப் பகுதி அடங்கியது; தன்னை வெளிப்படுத்துவதோடு தொடர்புள்ள நடுப்பகுதி எழுந்தது. ஆறு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். இருந்தாலும், பல்லாயிரம் மணி நேரப் பயிற்சியில் நேரக் கணக்கு கைக்குப் போய்விட்டால் மனசு மெட்டுக்கு விடுதலையாகிறது என்று கலைஞர்கள் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது.

கேட்டுப் பழகப் பியானோ கலைஞர் எர்ரோல் கார்னரைச் சொல்வேன். 1955-இல் கலிஃபோர்னியாவின் கார்மெலில் அவர் வாசித்த கச்சேரி 'கான்சர்ட் பை தி ஸீ' என்ற இசைத்தட்டாக இருக்கிறது. இசைக் குறியீடு வாசிக்கத் தெரியாத மனிதர். அவருடைய இடது கை கிதார்போல நாலு தட்டையும் அசையாமல் அடித்துக்கொண்டு போகும், வலது கை அதற்குப் பின்னால் சோம்பலாக வரும். மற்றக் குழுக்களில் இரண்டு பேர் சேர்ந்து செய்வதை இவர் ஒருவரே செய்கிறார். முதலில் இடது கையை மட்டும் காதால் பிடித்துக்கொண்டு காலால் தட்டுங்கள். கால் நிலைத்ததும் வலது கைக்குப் போங்கள். சுரம் உங்கள் கால் தரையைத் தொட்டபிறகு வருவது தெரியும். அடுத்ததாகப் பில்லி ஹாலிடேயின் குரலையும் டெக்ஸ்டர் கார்டனின் சாக்ஸஃபோனையும் இதேபோல் கேளுங்கள். இருவரும் பிந்துவார்கள், இருவரும் வேறுவேறு அளவில்.