இறப்பு விறைப்பு: ‘ரிகர் மார்டிஸ்’ என்னும் சொல்லுக்கு விளக்கம்

உயிர் பிரிந்த சில மணி நேரத்தில் தசைகள் இறுகி, மூட்டுகள் மடங்க மறுக்கும் நிலையை மருத்துவர்கள் ‘ரிகர் மார்டிஸ்’ என்பர். இலத்தீனில் ‘ரிகர்’ என்பது விறைப்பு. ‘மார்டிஸ்’ என்பது ‘இறப்பின்’ எனப் பொருள்படும் வேற்றுமை வடிவம். ‘ரிகர்’ குளிரால் வரும் விறைப்பையும் குறித்த சொல். காய்ச்சலில் உடலைத் தூக்கிப்போடும் குளிர்நடுக்கத்துக்கும் மருத்துவத்தில் இன்றுவரை அதே பெயர்தான். ‘குளிரில் கை விறைத்துவிட்டது’ என்று நாம் சொல்லும்போது வரும் ‘விறை’ என்னும் வினையடியும் இவ்விரு பொருளையும் தாங்குவதால், வேறு சொல் தேட வேண்டியதில்லை. வல்லின றகரம் மட்டும் தவறக்கூடாது; ‘விரை’ என்றால் வேகமாகிவிடும்.

தசை சுருங்குவதற்கு மட்டுமன்றித் தளர்வதற்கும் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு வேண்டும். இறந்தபின் அது தீர்ந்துபோவதால் ஆக்டின், மயோசின் என்னும் புரத இழைகள் ஒன்றையொன்று பற்றியபடியே நின்றுவிடுகின்றன. இமையிலும் தாடையிலும் முதலில் புலப்படும் விறைப்பு, ஏறத்தாழ 12 மணி நேரத்தில் உடலெங்கும் பரவி, புரதங்கள் சிதையத் தொடங்கியதும் தானே விலகும். வெயில் மிகுந்த இடங்களில் இவை யாவும் விரைவாக நடக்கும். நம் வீடுகளில் இறந்தவரின் கண்களை உடனே மூடி, தாடையைத் துணியால் கட்டுவது, விறைப்பு முந்திக்கொள்வதற்குள் முகத்தை அமைதியாக அமைத்துவிடும் பட்டறிவு.

உடலைப் பதப்படுத்துவோர், மருந்தைச் செலுத்துமுன் கழுத்து, தோள், முழங்கை, விரல்கள் என ஒவ்வொரு மூட்டையும் பொறுமையாக மடக்கி நீட்டி, தசைகளைப் பிடித்துவிடுகின்றனர். இறுகிய தசை இரத்தக் குழாய்களை அழுத்தி மருந்து பரவுவதைத் தடுக்கும் என்பதே காரணம். முரட்டுத்தனமாக இழுத்தால் தசை கிழிந்துவிடும். முழுமையாக ஏறிய விறைப்பை ஒருமுறை தளர்த்திவிட்டால், அது அந்தத் தசையில் மீண்டும் வராது. ஆனால் பின்னர் அம்மருந்தில் உள்ள ஃபார்மால்டிஹைடு என்னும் வேதிப்பொருள் புரதங்களைப் பிணைத்து, உடலை வேறொரு வகையில் இறுக்கும். கைகளை எப்படி வைத்தோமோ அப்படியே அவை நிலைத்துவிடும் என்பதால், கிடத்தும் நிலையை முன்கூட்டியே சரிசெய்துவிட வேண்டும்.

‘ரிகர் மார்டிஸ்’ என்பதைத் தமிழில் குறிக்கும் சடல விறைப்பு, பிண விறைப்பு ஆகிய சொற்களில் எனக்குள்ள தயக்கம் இதனால்தான். மருந்தால் வரும் இறுக்கமும் சடலத்தில் உண்டாவதே அன்றோ? ‘இறப்பு விறைப்பு’ என்றால் இறப்பால் வந்து தானே நீங்குவது என்பது தெளிவாகும். இலத்தீன் சொல்லின் நேர்ப்பொருளும் அதுவே. மருந்தால் வருவதை ‘பதன இறுக்கம்’ எனத் தனியே வழங்கலாம்.