பிராசஸர் விலை இறங்கினால் முதலில் கேட்க வேண்டியது: ஏன் இறங்கியது?

"இன்டெல்காரன் விலையைக் குறைச்சுட்டானாமே, இப்ப செட்டு எவ்வளவுக்கு வரும்?" கல்லூரிச் சேர்க்கை சமயத்தில் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் எந்தக் கம்ப்யூட்டர் கடையில் நின்றாலும் இது காதில் விழும். ஆனால் குறைந்தது பிராசஸர் விலை, இவர் கேட்பது செட்டு, அதாவது முழு கம்ப்யூட்டரின் விலை. பாலக்கோடு மண்டியில் தக்காளி அடிமாட்டு விலைக்குப் போனாலும் ஓட்டலில் சாப்பாட்டு விலை இறங்குவதில்லை. அதே கணக்குதான் இங்கேயும். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), கேபினெட் எல்லாம் அதனதன் விலையில்தான் நிற்கும். 2025 கடைசியில் ரேம் விலை எகிறியபோது, பிராசஸரில் மிச்சம் பிடித்ததை ரேம் விழுங்கிவிட்டது.

பிராசஸர் தயாரிக்கும் இன்டெல், ஏஎம்டி இருவரின் போட்டி நடக்கும் விதம் தெரிந்தால் எப்போது வாங்கலாம் என்பதும் பிடிபடும். இன்டெல் 1968-ல் தொடங்கியது, ஏஎம்டி 1969-ல். அசெம்பிள் செய்யும் டெஸ்க்டாப் என்று வந்தால் இந்த இருவரை விட்டால் வேறு ஆள் கிடையாது. அதனால் ஒருவர் முந்தும்போதெல்லாம் மற்றவர் விலையை வெட்டுகிறார். 2006 ஜூலையில் இன்டெல் கோர் 2 டியோவை இறக்கியதும், ஏஎம்டி தன் அத்லான் 64 எக்ஸ்2 மாடல்கள் சிலவற்றைப் பாதி விலைக்கும் கீழே கொண்டுவந்தது. இன்டெல்லும் சும்மா இருக்கவில்லை. 2007 தொடக்கத்தில் 851 டாலருக்கு வந்த நாலு கோர் (உள்ளே தனித்தனியாக வேலை செய்யும் நாலு மூளை) க்யூ6600, அதே ஆண்டு ஜூலையில் 266 டாலர் ஆனது. வாங்கியவர்களுக்குக் கொண்டாட்டம்.

பிறகு ஏஎம்டி சோர்ந்துபோனது, கொண்டாட்டமும் நின்றது. 2017 தொடக்கத்தில் வந்த ஐ7 7700கே வரை சாதாரண டெஸ்க்டாப்பில் நாலு கோருக்கு மேல் இன்டெல் கொடுக்கவில்லை. 2017 மார்ச்சில் ஏஎம்டியின் ரைசன் 7 1800எக்ஸ் எட்டு கோருடன் 499 டாலருக்கு வந்தது. அப்போது இன்டெல்லின் எட்டு கோர் ஆயிரம் டாலருக்கு மேல். அந்த அக்டோபரிலேயே ஐ7 ஆறு கோர் ஆனது, அதுவரை இரண்டு கோராக இருந்த ஐ3 நாலு கோர் ஆனது. 2019-ல் இன்டெல் தன் 18 கோர் பிராசஸரை 1979 டாலரிலிருந்து 979 டாலருக்கு இறக்கியது. பத்து வருடம் இறங்காத விலை, எதிரில் ஆள் வந்ததும் இரண்டே வருடத்தில் இறங்கிவிட்டது.

ஏஎம்டியை ஏழைப் பங்காளன் என்று நினைக்கும் வாடிக்கையாளர்கள் நிறையப் பேர். அவர்கள் 2020-ஐப் பார்க்க வேண்டும். 2019-ல் ஆறு கோர் ரைசன் 5 3600 வெறும் 199 டாலர். 2020 நவம்பரில் ஏஎம்டி வேகத்தில் முந்தியதும், அடுத்த தலைமுறையின் ஆறு கோர் 5600எக்ஸ் 299 டாலருக்கு வந்தது. 200 டாலர் விலையில் புது மாடல் எதையும் வைக்கவேயில்லை. 2022 ஜனவரியில் இன்டெல் ஐ5 12400எஃப்-ஐ 167 டாலருக்கு இறக்கிய பிறகுதான், அந்த ஏப்ரலில் 199 டாலருக்கு 5600 வந்தது. முந்துகிறவர் ஏற்றுவார், பின்தங்கியவர் இறக்குவார். இதில் நல்லவர் கெட்டவர் என்று யாரும் இல்லை.

விலை கடைக்கு வரும் முன்பே நடக்கும் சண்டையும் உண்டு. கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களுக்குத் தள்ளுபடி கொடுத்துப் போட்டியாளரை ஒதுக்கியதாக ஐரோப்பிய ஆணையம் 2009-ல் இன்டெல்லுக்கு 106 கோடி யூரோ அபராதம் போட்டது. அதே ஆண்டு இன்டெல் ஏஎம்டிக்கு 125 கோடி டாலர் கொடுத்து வழக்குகளைச் சமரசம் செய்துகொண்டது. அந்த அபராதத்தை 2022-ல் ஐரோப்பிய நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கின் இன்னொரு பகுதிக்காக 2023-ல் ஆணையம் மறுபடி 37.6 கோடி யூரோ போட்டது.

இனி நம் ஊர்க் கணக்கு. அமெரிக்காவில் அறிவிக்கும் விலையில் வரி இருக்காது, நமக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. 2017-ல் டாலர் சுமார் 65 ரூபாய், 2024-ல் சுமார் 83. அதே 199 டாலர் பிராசஸர் 2017-ல் வரியோடு சுமார் 15,300, 2024-ல் அதே கணக்கில் சுமார் 19,500. டாலரில் விலை ஏறவே இல்லை, ரூபாயில் நாலாயிரம் ஏறிவிட்டது. இது போக, டீலர் பழைய விலைக்கு எடுத்த சரக்கு தீரும்வரை புது விலை கடைக்கு வராது. செய்தி வந்த மறுநாளே வந்து சண்டை போடுவதில் பயனில்லை. சில வாரம் பொறுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். ஒரு பிராசஸர் மலிவாகக் கிடைத்தால் அதற்குக் காரணம் இருக்கும். அந்தக் காரணம் உங்களைப் பாதிக்குமா என்று பார்க்க வேண்டும்.

அடிக்கடி காணும் காரணம் பெயரின் கடைசி எழுத்து. இன்டெல்லில் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. ஐ5 12400 வந்தபோது 192 டாலர், 12400எஃப் 167 டாலர். அந்த 25 டாலருக்கு ஆசைப்பட்டு வாங்கி, கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் மாட்டிவிட்டு, "ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல" என்று தூக்கி வருகிறார்கள். பழுது ஒன்றும் இல்லை, படம் கொடுக்க அதில் ஆளே இல்லை. ரைசனில் 5500, 5600 இரண்டுக்கும் இதே கதை. 5600ஜி என்றால் டிஸ்ப்ளே வரும். அதற்கும் 16 ஜிபி ரேமை ஒரே குச்சியாகப் போடாமல் 8 ஜிபி இரண்டாகப் போட வேண்டும். உள்ளிருக்கும் கிராபிக்ஸ் ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது, ஒற்றைக் குச்சியில் அது மூச்சு வாங்கும்.

கல்யாண வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு தனியாக இருக்கிறதே, எஃப் போதும் என்று கணக்குப் போடுவார்கள். ஆனால் இப்போதைய கேமராக்கள் எடுக்கும் 10 பிட் 4:2:2 ஹெச்.265 ஃபைலை டைம்லைனில் தடங்கல் இல்லாமல் ஓட்டுவது 11-ம் தலைமுறை முதல் இன்டெல் கிராபிக்ஸோடு வரும் குவிக் சின்க் என்ற வீடியோ பகுதி. எஃப் மாடலில் அது போய்விடும். கையில் இருக்கும் கார்டும் அந்த வேலையைச் செய்யாத பழைய மாடல் என்றால், இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டு ஒவ்வொரு ஃபைலையும் ப்ராக்ஸி (லேசான நகல்) போட்டு எடிட் செய்ய வேண்டி வரும்.

'கே' என்று முடிவது வேறு வகை. பெட்டியில் கூலர் வராது. கோர் அல்ட்ரா 7 265கே 2024-ல் 394 டாலருக்கு வந்து, ஓராண்டுக்குள் 300 டாலர் அருகே இறங்கியது. பார்க்க லாபம்தான். ஆனால் அது எல்ஜிஏ 1851 சாக்கெட் (போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்), அதற்கு போர்டும் புதிதாக வேண்டும், ரேம் டிடிஆர்5 மட்டும், கூலர் தனி. பழைய டிடிஆர்4 ரேம் கையில் இருப்பவருக்கு 12 முதல் 14-ம் தலைமுறை வரைக்குமான எல்ஜிஏ 1700 போர்டிலோ ஏஎம்டியின் ஏஎம்4 போர்டிலோ செட்டு கணிசமாகக் குறைவாக முடியும். 1700-ல் டிடிஆர்4 போர்டு, டிடிஆர்5 போர்டு என இரண்டு வகை உண்டு. கையில் இருக்கும் ரேமைச் சொல்லி போர்டைக் கேளுங்கள்.

கரண்ட் விஷயத்தையும் யாரும் யோசிப்பதில்லை. நம் பக்கம் வீட்டிலும் இ-சேவை மையத்திலும் இருப்பது பெரும்பாலும் 600 விஏ யுபிஎஸ். அதில் 360 வாட்டுக்கு மேல் தாங்காது. ஐ5 12400 உச்சத்தில் 117 வாட் இழுக்கும், ஐ7 14700கே 253 வாட். அதோடு கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர் சேர்ந்தால், கரண்ட் போன நொடியில் யுபிஎஸ் ஒரு கத்து கத்திவிட்டு சிஸ்டத்தையும் சேர்த்து அணைத்துவிடும். யுபிஎஸ் பேட்டரி போச்சு என்று மாற்றிப் பார்ப்பார்கள், பலன் இருக்காது.

13, 14-ம் தலைமுறை இன்டெல் ஐ7, ஐ9 செகண்ட் ஹேண்டில் மலிவாக வருவதற்குத் தனிக் காரணம். வேகத்தில் முந்தப் பார்த்ததில் வோல்டேஜ் அளவுக்கு மீறி ஏறி, சில்லு உள்ளுக்குள்ளேயே தேய்ந்துபோகும் கோளாறை இன்டெல்லே 2024-ல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் திருத்த மைக்ரோகோட் (பிராசஸரின் உள் நிரல்) கொடுத்தது, பெட்டியோடு விற்ற பாக்ஸ் பீஸ்களுக்கு வாரண்டியை 3 வருடத்திலிருந்து 5 வருடமாக நீட்டித்தது. அதைக் கொண்டுவரும் பயாஸ் (போர்டின் உள் மென்பொருள்) அப்டேட் போட்டால் மேற்கொண்டு தேயாது, ஏற்கனவே தேய்ந்தது திரும்ப வராது. கேம் நடுவில் மூடிக்கொள்வது, பெரிய ஃபைலை விரிக்கும்போது எரர் வருவது, கிராபிக்ஸ் மெமரி போதவில்லை என்று பொய்யாகச் சொல்வது எல்லாம் அதன் அறிகுறி. பில் இல்லாத பீஸ் என்றால் என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

"ஐ7 செட்டு, மானிட்டரோட பன்னெண்டாயிரம்" என்ற விளம்பரமும் இந்தப் போட்டியின் கழிவுதான். பெரும்பாலும் உள்ளே இருப்பது 2011-ல் வந்த ஐ7 2600 போன்ற ஒன்று. அதற்கும் நாலு கோர், 2022-ன் ஐ3 12100-க்கும் நாலு கோர். ஆனால் ஒரு கோர் செய்யும் வேலையில் அந்த ஐ3 ஏறக்குறைய இரண்டு மடங்கு. டேலி, ஆட்டோகேட் இரண்டும் பெரும்பாலும் ஒரு கோரை நம்பித்தான் ஓடுகின்றன. கிரானைட் ஆபீஸுக்கும் மாங்கூழ் ஆலைக் கணக்குக்கும் அந்த ஐ3 போதும். முதல் தலைமுறை ஐ5 650-க்கு இரண்டே கோர்தான், அதையும் "ஐ5" என்றே விற்கிறார்கள். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற்பது இன்டெல்லில் 8-ம் தலைமுறை முதல், ரைசனில் பெரும்பாலும் 2000 வரிசை முதல். ஸ்டிக்கரை நம்பாதீர்கள். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தைத் திறந்து கோர் எண்ணிக்கையைப் பாருங்கள், சிபியு-இசட் என்ற மென்பொருளை ஓட்டி மாடலைப் பாருங்கள்.

லேப்டாப்பில் பெயர் விளையாட்டு இன்னும் மோசம். ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உண்மை பேசும். 7520யு-வில் அது 2, அதாவது 2019-ல் வந்த ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு, நாலு கோர், ரேமும் போர்டிலேயே ஒட்டியிருக்கும். பின்னால் கூட்ட முடியாது. 7530யு-வில் 3, ஜென் 3, ஆறு கோர். பெயரில் வித்தியாசம் ஒரே ஒரு எண். இன்டெல்லில் ஐ5 1235யு பத்து கோர், 12450ஹெச் எட்டு கோர். பத்துதான் பெரியது என்று தோன்றும். ஆனால் முதலாவதில் வேகமான பெரிய கோர் இரண்டு, இரண்டாவதில் நாலு. கனமான வேலைக்கு எட்டுதான் ஜெயிக்கும்.

மலிவாகக் கிடைத்ததைப் பழைய போர்டில் தாமே மாட்டப் போகிறவர்கள் முதலில் பயாஸைப் பார்க்க வேண்டும். பழைய ஸ்டாக் பி450 போர்டில் ரைசன் 5600-ஐயோ, பழைய ஸ்டாக் பி660 போர்டில் 14-ம் தலைமுறையையோ வைத்தால் டிஸ்ப்ளே வராது. பழைய பிராசஸர் மாட்டியிருக்கும்போதே பயாஸை ஏற்றிவிட வேண்டும்.

ஏஎம்4-ல் கூலரைக் கழற்றுவதுதான் அதிகம் பேர் கோட்டைவிடும் இடம். பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்து கெட்டியாகி, கூலரை மேலே இழுத்தால் லீவர் பூட்டியிருந்தாலும் பிராசஸர் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும். அடியில் 1331 பின், பக்கத்துக்குப் பக்கம் சாய்ந்து கிடக்கும். அதனால் சிஸ்டத்தைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். அணைத்து வயரைப் பிடுங்கிவிட்டு, கிளிப்பையோ ஸ்குருவையோ கழற்றி, கூலரை ஜாடி மூடியைத் திருகுவது போல இடவலமாக மெல்லத் திருப்புங்கள். பிடி விட்டது கையில் தெரியும், அப்புறம் தூக்குங்கள். இன்டெல்லிலும் ஏஎம்5-லும் பின்கள் போர்டின் சாக்கெட்டில் இருக்கும், பிராசஸரை நேராக வைக்காவிட்டால் அங்கே வளையும். வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடையாது. சாக்கெட்டோடு வரும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள், போர்டை வாரண்டிக்கு அனுப்பும்போது அது கேட்கப்படும்.

விலை குறைவு என்று பஸ் ஏறி பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போகிறவர்கள் இங்கே ஏராளம். போகலாம். ஆனால் ட்ரே பீஸா (பெட்டி இல்லாமல் உதிரியாக வருவது), பாக்ஸ் பீஸா என்று கேளுங்கள். பாக்ஸுக்குக் கம்பெனியே 3 வருட வாரண்டி தரும், ட்ரே பீஸுக்குப் பெரும்பாலும் விற்ற கடைக்காரர்தான் பொறுப்பு. இன்டெல் என்றால் பெட்டி லேபிளில் இருக்கும் பேட்ச் எண்ணும் பிராசஸர் மூடியில் பொறித்திருப்பதும் ஒன்றா என்று அங்கேயே ஒத்துப் பாருங்கள். ஜிஎஸ்டி எண் உள்ள நிறுவனமாக இருந்தால் உங்கள் எண்ணைக் கொடுத்து ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநில விற்பனைக்கான ஜிஎஸ்டி) போட்ட பில்லாகக் கேளுங்கள். கர்நாடக எஸ்ஜிஎஸ்டி, சிஜிஎஸ்டி போட்ட பில்லுக்குத் தமிழ்நாட்டுப் பதிவில் உள்ளீட்டு வரி எடுக்க முடியாது, அந்த 18 சதவீதம் அப்படியே கைவிட்டுப் போகும். பில்லில் "ஐ5 பிராசஸர் 1" என்று எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். முழு மாடல் எண்ணும், கடைசி எழுத்தும், சீரியல் எண்ணும் இருக்க வேண்டும்.