கண்ணில் எரிசோடா பட்டால் ஏன் வினிகர் கூடாது?

எரிசோடா (காஸ்டிக் சோடா) என்ற காரத்தின் கரைசல் ஒரு துளி விரலில் பட்டால் முதலில் தெரிவது பெரும்பாலும் எரிச்சலன்று, வழவழப்புதான். தோலின் எண்ணெய்ப் பசையைக் காரம் சோப்பாக மாற்றிவிடுவதால் அந்த வழவழப்பு உண்டாகிறது. உயிரணுக்களைச் சூழ்ந்துள்ள சவ்வுகளும் கொழுப்பால் ஆனவையே என்பதால், கண்ணில் பட்ட காரம் அவற்றைக் கரைத்து வழி உண்டாக்கிக்கொண்டு உள்ளே இறங்குகிறது. கரைசல் அடர்த்தியானதாக இருந்தால், சில நிமிடங்களிலேயே கருவிழியைக் கடந்து அதன் பின்னுள்ள அறையை எட்டிவிடும்.

அமிலத்தின் போக்கு வேறு. அது புரதத்தைப் பால் திரிவதுபோல் திரியச் செய்கிறது. திரிந்த புரதமே ஒரு தடுப்பாகி, எஞ்சிய அமிலம் ஆழமாகச் செல்வதை ஓரளவு மட்டுப்படுத்துகிறது. அமிலம் பட்டவர் சுரீரென்ற வலியில் உடனே தண்ணீரைத் தேடி ஓடுவார். ஈரச் சிமென்ட்டும் காரமே. அது காலணிக்குள் புகுந்தவரோ பல மணி நேரம் வலியே உணராமல் வேலை பார்த்துக்கொண்டிருப்பதுண்டு. வலியின் அளவைக் கொண்டு காயத்தை எடைபோடக் கூடாது என்று பாதுகாப்புப் பயிற்சியில் வலியுறுத்துவது இதனால்தான்.

காரத்தை வினிகர் போன்ற அமிலத்தால் முறித்துவிடலாமே என்று பயிற்சிக்கு வருபவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் நடுநிலையாக்கல் வெப்பம் உமிழும் வினை. ஏற்கெனவே வெந்த திசுவின் மீது அந்த வெப்பமும் சேரும். பட்டது எவ்வளவு என்று தெரியாத நிலையில் முறிக்க எவ்வளவு ஊற்றுவது என்பதும் தெரியாது. ஓடும் நீரோ வேதிப்பொருளை நீர்க்கச் செய்து, வெப்பத்தையும் சேர்த்து அடித்துச் சென்றுவிடும்.

பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்கத் தரநிலையின்படி, கண் கழுவும் குழாயை 10 வினாடிகளுக்குள் அடைய முடிய வேண்டும். நிமிடத்துக்குக் குறைந்தது 1.5 லிட்டர் வீதம் 15 நிமிடங்கள் நீர் வர வேண்டும். கணக்கிட்டால் 22.5 லிட்டர். முதலுதவிப் பெட்டியிலுள்ள சிறிய குப்பி, குழாயை அடையும் வரைக்குத்தான் உதவும். நீர் 16 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு: மிகக் குளிர்ந்த நீரில் எவராலும் 15 நிமிடம் கண்ணைத் திறந்து வைத்திருக்க இயலாது. எரியும் கண் தானாக இறுக மூடிக்கொள்ளும் என்பதால், இமைகளை விலக்கிப் பிடிக்க உடன் ஒருவர் நிற்பதே நல்லது.

விதிவிலக்குகளும் உண்டு. தோலில் உலர்ந்த சுண்ணாம்புத்தூள் கொட்டினால் முதலில் தட்டி அகற்றிய பிறகே கழுவ வேண்டும். ஹைட்ரோபுளூரிக் அமிலம், அமிலமாயினும் ஆழமாக ஊடுருவி, உடலின் கால்சியத்தைப் பிணைத்து இதயத் துடிப்பையே குலைக்கக்கூடியது. அது பட்ட தோலைக் கழுவியபின் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு தடவ வேண்டும். இத்தகைய தகவல்கள் அந்தந்த வேதிப்பொருளுக்கான பாதுகாப்புத் தரவுத்தாளின் 16 பகுதிகளில் நான்காவதில் இருக்கும். அதைப் படிக்கும் நேரம் விபத்துக்கு முன்பு மட்டுமே கிடைக்கும்.

கண் கழுவும் குழாயை வாரம் ஒருமுறை திறந்துவிடவும் அதே தரநிலை கோருகிறது. தேங்கிய நீரில் துருவும் கிருமிகளும் சேர்ந்திருக்கும். அவை வாளிக்குள் போகட்டும், கண்ணுக்குள் அல்ல.