வெற்றிடம் கசியுமா?

மூடிய கலத்திலிருந்து காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கும் பம்புகளின் பழுதுபார்க்கும் கையேடுகளைத் தமிழாக்கும்போது, 'வேக்குவம் லீக்' என்ற ஆங்கிலத் தொடருக்காக 'வெற்றிடக் கசிவு உள்ளதா எனச் சோதிக்கவும்' என்று ஒரு வரி எப்படியோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் ஒருவன் இதைப் படித்துவிட்டுக் கந்தல் துணியோடு பம்புக்கு அடியில் குனிந்து, எண்ணெய் எங்கே சொட்டுகிறது என்று அரை மணி நேரம் தேடினான். அவன் மேல் தப்பில்லை. கசிவு என்றால் யாரும் அங்கேதான் தேடுவார்கள்.

வெறுமையும் இடமும் சேர்ந்தது வெற்றிடம். வேக்குவம் என்ற சொல்லும் லத்தீனில் வெறுமையைக் குறிப்பதுதான், ஆகவே அந்தப் பாதியில் குறையில்லை. லீக் என்பதன் வேர் பழைய வடஜெர்மானிய மொழியில் சொட்டுவதைக் குறித்தது. பிறகு ஆங்கிலத்தில் அது இரண்டு பக்கமும் போய்வரப் பழகிவிட்டது. டப்பாவிலிருந்து எண்ணெய் போனாலும் லீக், படகுக்குள் நீர் வந்தாலும் லீக். நாம் படகு கசிகிறது என்பதில்லை, தண்ணீர் ஏறுகிறது என்கிறோம்.

கூரை ஒழுகுகிறதே, அங்கே நீர் உள்ளேதானே வருகிறது என்று ஒரு நண்பர் மடக்கினார். சரி, ஆனால் ஒழுகுவது மழைநீர். வெற்றிடக் கசிவில் கசிவது எது? வெற்றிடமா? இல்லாத ஒன்று எப்படி வெளியேறும்? வெளியே சுமார் 1,013 மில்லிபார் அழுத்தத்தில் இருக்கும் காற்று, தேய்ந்த ஓ-வளையம் (இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம்) வழியாகவோ இறுகாத இணைப்பு வழியாகவோ உள்ளே நுழைகிறது. நடப்பது அவ்வளவுதான். ஒரு மில்லிபாருக்கும் கீழே இறங்க வேண்டிய பம்ப் 20 மில்லிபாருக்குக் கீழே போக முடியாமல் திணறுவது அதனால்தான்.

'உட்கசிவு' என்று ஒட்டுப்போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. எரிவாயு கசிகிறது என்கிறோமே, காற்று ஏன் கசியக் கூடாது என்பது அவர்கள் வாதம். கசியலாம்தான். திசையும் திருந்திவிடுகிறது. ஆனால் அவசரத்தில் படிப்பவன் கண்ணில் கசிவுதான் படும், 'உள்' படாது. 'வெற்றிட இழப்பு' இன்னும் மோசம். அது விளைவின் பெயர். பம்புக்குள் சுழலும் தகடு தேய்ந்தாலும் எண்ணெய் கெட்டாலும் அழுத்தம் இறங்காதுதான். கையேட்டின் பழுது அட்டவணையில் காரணத்தைச் சொல்ல வேண்டிய கட்டத்தில் விளைவையே எழுதி வைத்தால் படிப்பவன் என்ன செய்வான்?

மெக்கானிக்குகள் எந்த அகராதியையும் புரட்டாமல் 'ஏர் எடுக்குது' என்று முடித்துவிடுகிறார்கள். எது வருகிறது, எந்தப் பக்கம் வருகிறது, இரண்டும் அதில் இருக்கின்றன. எழுத்தில் 'காற்றுப் புகல்' என்று வைக்கலாம், ஓட்டையைப் 'புகுவழி' எனலாம். புகல் என்றால் அடைக்கலமும்தானே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். முன்னால் காற்று நிற்கும்போது யாருக்கும் அந்தக் குழப்பம் வராது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும் 'விர்ச்சுவல் லீக்' என்பதற்கு வைத்த 'மெய்நிகர் கசிவு' என்ற கூத்தைப் பொறுக்க முடியவில்லை. கணினித் திரையிலிருந்து பிடுங்கி வந்து நட்டது. இங்கே வெளிக்காற்று நுழைவதே இல்லை. அடிமூடிய துளையில் முறுக்கிய திருகுக்குக் கீழே மாட்டிக்கொண்ட கொஞ்சம் காற்று, மரை இடுக்கு வழியே நாள்கணக்கில் கலத்துக்குள் வந்துகொண்டிருக்கும். ஓட்டை வழியே உள்ளே போகிறதா என்று பார்க்க வெளியே ஹீலியம் வாயுவைப் பீய்ச்சித் தேடினால் ஒன்றும் அகப்படாது. நடுவில் துளையிட்ட திருகைப் போட்டால் தொல்லை தீரும். மாட்டிக்கொண்ட அந்தக் காற்றைச் 'சிறைக்காற்று' என்று சொல்லிப் பாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

பெயர் சரியாக இருந்தால் சோதனையும் சுலபமாக விளங்கும். பம்புக்கும் கலத்துக்கும் இடையிலுள்ள வால்வை மூடிவிட்டு, கலத்தின் அழுத்தமானியைக் கவனிக்க வேண்டும். அழுத்தம் ஒரே சீராக ஏறிக்கொண்டே போனால் காற்றுப் புகல். முதலில் ஏறி அப்புறம் தணிந்துவிட்டால் ஈரமோ சுவரில் ஒட்டிய வாயுவோ சிறைக்காற்றோ இருக்கலாம். மொழிபெயர்ப்பவர் ஒருமுறை இந்த மானியின் முன் நின்றிருந்தால் 'வெற்றிடம் கசிகிறது' என்று எழுதக் கை வந்திருக்காது. நமக்குத்தான் அகராதியில் முதலில் கிடைத்ததை ஒட்டி வைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்கு ஓடும் அவசரம்.

கசிவு என்ற சொல்லையே தூக்கி எறியச் சொல்லவில்லை. தண்டின் அடைப்பு வளையம் தேய்ந்து எண்ணெய் வெளியே வருகிறது பாருங்கள், அது கசிவு. பையன் துணியோடு அங்கே குனியட்டும்.